காகிதக் கனம்

எங்கள் அருங்காட்சியகத்துக்குள் ஒரு சிலை வந்தால் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஏழாவது கேள்வி: சிலையின் மேல் படிந்திருப்பது என்ன? பதில் இரண்டுதான், அழுக்கு அல்லது பூச்சு. அழுக்கு என்று எழுதினால் யாரையும் கேட்க வேண்டாம். அன்றைக்கே கையுறையை மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடலாம். பூச்சு என்று எழுதினால் தொலைந்தோம். குழு கூட வேண்டும், படம் எடுக்க வேண்டும், அடுக்கு அடுக்காக நகக்கண் அளவுக்குத் துணுக்கு எடுத்துக் குப்பியில் போட்டுப் பெயர் ஒட்ட வேண்டும். எட்டு மாதத்துக்குக் குறையாது. படிவத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இருபத்தாறு வருடமாகச் சிலை கழுவுகிறேன். பதவிப் பெயர் கொஞ்சம் நீளமாக இருக்கும், வேலை இதுதான்.

அந்தச் சிலையை எங்களிடம் யாரும் பெருமையோடு கொண்டுவந்து கொடுக்கவில்லை. சாலையை அகலப்படுத்தினார்கள். ஒரு சந்தின் முனையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த சின்னக் கோயில் சாலைக்குக் குறித்த கோட்டுக்குள் வந்துவிட்டது. சந்துக்காரர்கள் வேறு இடம் பார்க்கிற வரைக்கும் உங்களிடம் இருக்கட்டும் என்று பொறியாளர் ஒருவர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சாமியின் பெயர் தாயம்மாவாம். என் இடுப்பு உயரத்துக்குச் செக்கச்செவேலென்று ஓர் உருண்டை. அதன் மேல் இரண்டு வெள்ளிக் கண். முகம் என்று சொல்ல வேறொன்றும் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை காவியை எண்ணெயில் குழைத்து உச்சி முதல் அடிவரை பூசுவார்களாம். பூசிப் பூசிக் கை எது, மடி எது என்றே தெரியாமல் போயிருந்தது. பார்த்ததும் முகத்தைச் சுளித்தேன். கல்லின் மேல் யார் எதைப் பூசினாலும் எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

தள்ளுவண்டியிலிருந்து இறக்கும்போது இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கருங்கல். கல்லில் ஒரு மடிப்பு. ஆடையின் விளிம்பு, தோளில் ஏறி முதுகுப் பக்கம் இறங்கும் ஒரே கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அம்மனுக்கு யாரும் அப்படி ஆடை செதுக்க மாட்டார்கள். அது துறவியின் போர்வை. என் கை நமநமவென்றது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவர். வீட்டுக்கு வந்தாலும் நிறுத்த மாட்டார். புத்தர் சிலைகள் எப்படியெப்படி வேறு சாமிகளாக மாறின என்று பதினைந்து வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அது முடிகிற வழியாக இல்லை, ஏனென்றால் அவருக்கென்று சொந்தமாக ஒரு புத்தர் கிடைக்கவில்லை. எல்லாம் மற்றவர்கள் கண்டெடுத்தவை.

“உட்கார்ந்த கோலமா?” என்றார்.

“ஆமாங்க. கை ரெண்டும் மடியில இருக்கணும். இன்னும் தெரியல.”

சட்டையைக் கழற்றப் போனவர் பட்டனில் கை வைத்தபடியே நின்றுவிட்டார். “ஏம்மா, படிவம் போட்டாச்சா?”

“இல்ல.”

“பூச்சுன்னு போட்டுத் தொலைக்காத. குழுவுல இருக்கிற எவனாவது மோப்பம் பிடிச்சு முந்திக்குவான். நம்ம வாயில மண்ணுதான்.”

பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் காலையில் பேனா என் கையில்தான் இருந்தது. அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். எட்டு மாதம் காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை. அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு என்று எழுதினேன். தடிமன் என்று கேட்டிருந்த இடத்தில் காகிதக் கனம் என்று எழுதினேன்.

உண்மையில் அது ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தது. கரைப்பானில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து ஊறவிட்டு மரக்கத்தியால் நெம்பினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. ஒரு துண்டை உடைத்து, உடைந்த பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மெல்லிய மெல்லிய கோடுகள். ஒரு கோடு ஒரு வருடம். அடர்சிவப்பு, வெளிறிய சிவப்பு, ஓரிடத்தில் ஏறக்குறைய மஞ்சள். அந்த வருடம் நல்ல காவி கிடைக்கவில்லை போலிருக்கிறது. கிடைத்ததைப் பூசியிருக்கிறார்கள், பூசாமல் விடவில்லை. எண்ணிக்கொண்டே வந்தேன். எண்பத்துமூன்றில் டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பியபோது எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. மறுபடி எண்ணவில்லை.

ஒரு துணுக்கையாவது எடுத்து வைத்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தருவதே அதைத்தான். ஆனால் காகிதக் கனம் என்று எழுதிவிட்டு அங்குலக் கனத்துக்குத் துணுக்கு வைத்திருந்தால் அது என்னையே காட்டிக்கொடுக்கும். கீழே விழுந்ததையெல்லாம் கூட்டி அள்ளி வெளியே அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் முகம் வந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இமைகள் பாதி மூடியிருந்தன. உதட்டோரத்தில் இருப்பதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காதுமடல் நீண்டு தோளைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. மூக்கு நுனியில் சிற்பி கடைசியாக வைத்த உளியின் தடம்கூட அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அருங்காட்சியகத் தோட்டத்தில் இதே காலத்துப் புத்தர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து, மூக்கும் வாயும் கரைந்து, மூவருக்கும் ஒரே வழுக்கை முகம். இவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். நாலு நாளாகத் திட்டிக்கொண்டே நான் சுரண்டிய சிவப்புதான் இவரை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது. அது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்த பிறகும் மிச்சத்தைச் சுரண்டினேன்.

அதற்கப்புறம் எங்கள் யாருக்கும் தலைகால் புரியவில்லை. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ரிப்பன். எதையாவது திறந்துவைக்காத வாரம் அவருக்கு வாரமே இல்லை. புத்தருக்குத் தனி அறை, தனி விளக்கு, வாசலில் சிவப்பு ரிப்பன் எல்லாம் ஆயிற்று. ‘சாயச் சிறையிலிருந்து மீண்ட புத்தர்’ என்று என் வீட்டுக்காரர் எழுதிய கட்டுரை பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. சந்துக்காரர்கள் எங்கேயோ மண்ணில் கிடைத்த சிலையைக் கொண்டுவந்து வைத்து நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கும், அதற்கு மேல் வழிபட்டிருக்க வாய்ப்பில்லை என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார். ஆதாரம், மேலே படிந்திருந்தது காகிதக் கனம்தான் என்பது. அடிக்குறிப்பில் என் படிவத்தின் எண். அவர் அதைத் தட்டச்சு செய்தபோது நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கனம் இருந்தது என்று அவரிடம் நானே சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தச் சந்திலிருந்து ஒரு தையல்காரம்மா வந்தார். காவலாளி அவரை என் அறைக்கே கூட்டிவந்து, “கழுவினது இவங்கதான்” என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார். வருடா வருடம் பூச்சு காய்ந்ததும் தாயம்மாவுக்கு அளவெடுத்து ஆடை தைப்பது அவர்கள் வீட்டு வேலையாம். அவருக்கு முன்னால் அவருடைய மாமியார் தைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அந்த மாமியாரின் மாமியார். பெற்ற பெண்களுக்குக் கொடுக்காமல் வந்த மருமகளுக்குக் கொடுக்கிற வேலை.

புத்தரின் அறைக்கு அழைத்துப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகைப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

“இது யாரு மேடம்?”

“உங்க தாயம்மாதான். மேல இருந்ததை எடுத்துட்டோம். இவர் புத்தர்.”

“ஓ.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “நல்லா இருக்காரு” என்றார். அப்புறம், “எங்கம்மா எங்க?” என்றார்.

“அதான் சொன்னேனேம்மா. உள்ள இருந்தது எப்பவும் இவர்தான். நீங்க தெரியாம பொம்பளைன்னு நினைச்சுக் கும்பிட்டிருக்கீங்க.”

“உள்ள யாரு இருந்தா என்ன மேடம், மேல அவதானே இருந்தா? நான் தொட்டு அளவெடுத்தது அவளைத்தானே?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவ்வளவு அழகான ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு இந்த அம்மா சிவப்பு உருண்டையைக் கேட்கிறாரே என்று. புத்தர் வரலாறு, சிற்ப வரலாறு என்று பத்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “சரிங்க. இடம் பார்த்தாச்சு. எப்ப அனுப்புவீங்க?” என்றார்.

நாங்கள் அனுப்பவில்லை. அவர்கள் மனுப் போட்டார்கள். விதி சுலபமானது. மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து வழிபட்டதற்குச் சான்று காட்டினால் சிலை அவர்களுக்கு. காட்ட முடியாவிட்டால் எங்களுக்கு. விசாரிக்க மூன்று பேரைப் போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தொல்லியல் அதிகாரி ஒருவர், பிக்கு ஒருவர். பிக்கு என்று கேட்டதும் ரிப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஒரு ஓட்டு இப்பவே நம்ம பக்கம்” என்றார். போகிற போக்கில் என்னிடம், “துறைத் தலைவர் நாற்காலி அடுத்த மாசம் காலியாகுது. உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன்” என்றும் சொன்னார். எதற்காக அன்றைக்குச் சொன்னார் என்று கேட்க நான் சின்னக் குழந்தை இல்லை.

விசாரணை அன்று காலை வீட்டுக்காரர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னார்: “கேட்டா படிவத்துல இருக்கறதைச் சொல்லு. மேற்கொண்டு ஒரு வார்த்தை வேண்டாம்.”

“அது பொய்ங்க.”

“பொய்யோ மெய்யோ, கீழ இருக்கறது உன் கையெழுத்து. இன்னைக்கு மாத்திச் சொன்னா உன் வேலை போகும். அச்சுக்குப் போன புத்தகம் அப்படியே திரும்பி வரும். ஊர் சிரிக்கும். யோசிச்சுக்க.”

யோசித்துக்கொண்டுதான் போனேன். போகிற வழியில் ஒரு சமயம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. அடுத்த சிக்னலில் அது போய்விட்டது.

புத்தரின் அறையிலேயே மேசை போட்டிருந்தார்கள். சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்றார்கள். கல்வெட்டு, பட்டயம், புகைப்படம் ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். எதுவும் இல்லை. தையல்காரம்மா மட்டும் பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று மருமகள்களின் அளவு நோட்டுகள். வாடிக்கையாளர்களின் கழுத்து, கை, இடுப்பு அளவுகளுக்கு நடுவே வருடம் தவறாமல் ஒரு பக்கத்தில் தாயம்மா. கைகளையும் சேர்த்து மார்புச் சுற்று, மடிச் சுற்று, உயரம். பழைய நோட்டின் முதல் பக்கம் தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“முதல் நோட்டுல மார்புச் சுற்று நாற்பத்தாறு இஞ்ச். நடு நோட்டுல நாற்பத்தொம்பது, ஐம்பதுன்னு வருது. போன வருஷம் ஐம்பத்துமூணு.”

“கல்லு நல்லா வளர்ந்திருக்கு சார்” என்றார் ரிப்பன். அறை சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது.

தையல்காரம்மா சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “கல்லு எங்கயாவது வளருமா ஐயா? எங்க மாமியார் அம்மா வளர்றான்னு சொல்வாங்க, அது வேற. வளர்ந்தது பூச்சு. வருஷத்துக்கு ஒரு பூச்சு. அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் புதுசா அளவு எடுக்கறது. இல்லன்னா ஒரே அளவுல தைச்சுட்டுப் போயிட்டே இருக்கலாமே.”

நீதிபதி தலையை ஆட்டினார். இப்போது அளந்து பார்ப்போம் என்றார். சிலையைக் கையுறை போட்டவர்கள்தான் தொடலாம் என்பதால் நான் எழுந்தேன். தையல்காரம்மா தன் கழுத்து நாடாவைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் புத்தரின் முதுகுப் பக்கமாகச் சுற்றி மார்புக்கு முன்னால் கொண்டுவந்து சேர்த்தேன். “கொஞ்சம் இறக்குங்க மேடம், முழங்கைக்கு மேல” என்று அவர் சொன்ன இடத்துக்கு இறக்கினேன். நாற்பத்தைந்தரை.

“அப்படின்னா ஏழரை இஞ்ச் வித்தியாசம்” என்றார் நீதிபதி. “பூச்சுதான்னா சுத்தியும் இஞ்ச் கணக்குல கனமா இருந்திருக்கணும். இவங்க படிவத்துல அழுக்கு, காகிதக் கனம்னு போட்டிருக்கு. ஒண்ணு நோட்டு தப்பு, இல்ல இது வேற சிலை, இல்ல படிவம் தப்பு.”

அதுவரை பேசாமல் இருந்த பிக்கு எழுந்து சிலைக்கு அருகில் வந்தார். குனிந்து அதன் காதைப் பார்த்தார். “காதுக்குள்ள இன்னும் சிவப்பு தெரியுதே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. “அம்மா, நீங்க எடுத்தது எவ்வளவு கனம் இருந்திருக்கும்? படிவத்தை விடுங்க. உங்க கைக்குத் தெரிஞ்சதைச் சொன்னா போதும்.”

பிக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருடைய புத்தர் இங்கேயே இருப்பார். இருந்தும் கேட்டார். வீட்டுக்காரர் பின்வரிசையில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, பயமும் இல்லை. கையால் வேலை செய்கிற ஒருத்தி அளவைத் தப்பாகச் சொல்ல மாட்டாள் என்ற நிம்மதிதான் இருந்தது. அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

“அழுக்குதான் சாமி” என்றேன். “காகிதக் கனம்.”

பிக்கு மறுபடி அந்தக் காதைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்தார்.

முடிவு அன்றைக்கே சொன்னார்கள். நோட்டில் இருக்கிற அளவுகள் இந்தச் சிலையின் அளவுகள் என்று நிரூபிக்கப்படவில்லை. மூன்று தலைமுறை வழிபாட்டுக்கு வேறு சான்றும் இல்லை. சிலை அருங்காட்சியகத்திலேயே இருக்கும். இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். பிக்கு மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். ரிப்பனுக்கு அந்த ஓட்டுதான் புரியவே இல்லை. ஆணையை எழுதிக் கையெழுத்துப் போட மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். நான் தனியாகத் தாழ்வாரத்துக்கு வந்தேன்.

தையல்காரம்மா அங்கே நின்றிருந்தார். சந்துக்காரர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு எனக்காகத்தான் நின்றிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“மேடம், கல்லு உங்களுதுன்னு சொல்லிட்டாங்க. சரி, வெச்சுக்குங்க. அழுக்கு எங்களுதுதானே? அதையாவது குடுங்க. புது இடத்துல வேற கல்லு வெச்சு, அதுல குழைச்சுப் பூசிக்கறோம். எங்களுக்கு அது போதும்.”

“அதெல்லாம் அன்னைக்கே குப்பை வண்டியில போயிடுச்சும்மா.”

“போயிடுச்சா.” தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். “எவ்வளவு இருந்துச்சு?”

“அஞ்சு மூட்டை.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எவ்வளவு என்று யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிப் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

“அஞ்சு மூட்டை” என்றார் தையல்காரம்மா. கத்தவில்லை. ஆள் கூட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காகிதக் கனத்துல அஞ்சு மூட்டையா மேடம்?”

இன்னும் கழற்றாமல் இருந்த கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“உள்ள இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்காங்க” என்றார். “கையெழுத்துப் போடல. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க போய்ச் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அந்தக் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பாதி திறந்திருந்தது. உள்ளே பிக்குவின் காவி ஆடையின் ஓரம் தெரிந்தது. அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போயிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். அவர் கையைப் பிடித்து இழுத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

“இதோ வந்துடறேன்மா” என்றேன். “அவசரமா பாத்ரூம் போகணும்.”

“போயிட்டு வாங்க மேடம். நான் நிக்கறேன்.”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சன்னல் வழியாக கார்க் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. விசாரிக்க வந்தவர்களின் மூன்று கார்களும் கிளம்பிப் போய்விட்டன. அதற்குப் பிறகும் நான் வெளியே வரவில்லை. அந்த அம்மா நிற்கிறேன் என்று சொன்னால் நிற்பார்.